1315 மழை: இரண்டு ஈர வருடங்கள் வட ஐரோப்பாவைப் பட்டினி போட்டது எப்படி?

கரிசல்மண் கேட்டது:

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி எதைப் படித்தாலும் இதே கதைதான் வருகிறது. ஏறத்தாழ 950 முதல் 1250 வரை கொஞ்சம் வெதுவெதுப்பான காலம், காடு திருத்தினார்கள், மக்கள் பெருகினார்கள். 1300ஐ ஒட்டிக் குளிர் கூடியது, பஞ்சம் வந்தது. ஆனால் இந்த இரண்டு காலங்களுக்கும் இடையே சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி அளவுக்குக்கூட மாறவில்லை என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

1315 வசந்தத்தில் பிடித்த மழை அந்தக் கோடை முழுவதும் விடவில்லை, 1316இலும் அதே நிலைதான் என்பது தெரியும். அயர்லாந்திலிருந்து பால்டிக் கரை வரை பஞ்சம். ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) ஈப்பர் நகரத்தில் மட்டும் 1316 மே முதல் அக்டோபர் வரை சுமார் 2,800 பேரைப் புதைத்திருக்கிறார்கள். ஊரில் பத்துக்கு ஒருவர்.

எனக்குப் புரியாதது இதுதான். மழை அதிகமானால் கோதுமைக்கு அப்படி என்ன கேடு? ஒரு வருடம் விளைச்சல் குறைந்தால் முந்தைய வருடத் தானியத்தை வைத்துச் சமாளிக்க முடியாதா? பருவநிலைதான் எல்லாவற்றுக்கும் காரணமா, அல்லது அது வசதியான ஒரு விடையா? விவசாயக் கணக்கோடு யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

பண்ணைக்கணக்கு:

டிகிரியை விட்டுவிட்டு விதைக்கணக்கைப் பாருங்கள், உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் பிஷப்பின் பண்ணைகளுக்கு 1208 முதல் வருடாந்தரக் கணக்குச் சுருள்கள் இருக்கின்றன. எவ்வளவு விதைத்தார்கள், எவ்வளவு கண்டுமுதல் ஆனது என்று பண்ணை பண்ணையாகப் பதிந்திருக்கிறது. அதன்படி கோதுமை ஒரு மூட்டை விதைத்தால் சாதாரண வருடத்தில் திரும்ப வந்தது நான்கு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணே நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் அந்தச் சமூகம் முழுவதும் நின்றது இந்த நான்கின் மேல்தான்.

ஒரு நடுத்தரக் குடியானவரிடம் 15 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயல் முறையில் ஒரு பங்கில் இலையுதிர் காலத்தில் கோதுமை அல்லது ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்), இன்னொரு பங்கில் மார்ச் வாக்கில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மூன்றாவது பங்கு தரிசு. ஆக 5 ஏக்கர் கோதுமை. ஏக்கருக்கு விதை 2½ புஷல் (ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ), மொத்தம் 12½ புஷல் விதை.

நான்கு மடங்கு விளைந்தால் 50 புஷல். தேவாலயத்துக்குத் தசமபாகம் 5 போகும். அடுத்த வருட விதைக்கு 12½ ஒதுக்க வேண்டும். மீதி 32½. விளைச்சல் பாதியாகி இரண்டு மடங்கு மட்டும் வந்தால் 25 புஷல். தசமபாகம் 2½, விதை அதே 12½. மீதி 10.

கவனியுங்கள், விளைச்சல் பாதியானது. வீட்டுக்கு வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. விதையின் அளவு குறையாது, அதனால்தான் இந்தச் சரிவு. நெல்லில் நூறு மூட்டை ஐம்பது ஆனாலும் விதைக்கு எடுப்பது அதில் சொற்பம். அங்கே விளைச்சலில் கால் பங்கு நல்ல வருடத்திலேயே விதைக்குப் போய்விடும். இரண்டாவது வருடமும் பொய்த்தால் விதைத் தானியத்தைக் குத்தித் தின்பதா, விதைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதா என்ற நிலை. தின்றவர்கள் மூன்றாவது வருடம் மழை சரியாகப் பெய்தும் விதைக்க வழியில்லாமல் நின்றார்கள். 1317க்குப் பிறகும் பல இடங்களில் சீக்கிரம் மீள முடியாததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வின்செஸ்டர் கணக்கில் 1315 கோதுமை விளைச்சல் வழக்கத்தில் 64 சதவீதம், 1316இல் 55 சதவீதம்.

சேமிப்பு ஏன் இல்லை என்றால், மிச்சம் பிடிக்க இடமே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய ஹென்லி ஊர் வால்டர் ஒரு ஏக்கர் கோதுமைக்குச் செலவு போட்டுக் காட்டுகிறார். மூன்று உழவு 18 பென்ஸ், பரம்படிக்க 1, விதை இரண்டு புஷல் 12, களையெடுக்க ½, அறுக்க 5, வண்டியில் ஏற்றி வர 1. கூட்டினால் 37½ பென்ஸ். கதிரடிக்கும் கூலி வைக்கோலில் சரியாகிவிடுமாம். மூன்று மடங்கு விளைந்தால் ஆறு புஷல், அதன் விலை 36 பென்ஸ். மூன்று மடங்கு விளைந்தும் ஒன்றரை பென்ஸ் நஷ்டம், அதுவும் நிலத்துக்கு வாடகை போடாமல்.

இன்னொன்று: குடியானவர் கோதுமையைப் பெரும்பாலும் தின்னவில்லை. அது வாரத்துக்கும் வரிக்கும் விற்கிற பயிர். தின்றது பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணிக் கூழ்.

---

சால்வரி:

மேலே உள்ள கணக்கு சரி. மழை எந்தெந்த இடத்தில் கை வைக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

வட ஐரோப்பாவின் நல்ல நிலம் என்பது பெரும்பாலும் கனத்த களிமண். மத்தியதரைப் பக்கம் உழுதது நாட்டுக்கலப்பை போல மண்ணைக் கீறிச் செல்லும் ஏர். அது வடக்கே களியில் வேலைக்கு ஆகாது. அங்கே பயன்பட்ட கனரகக் கலப்பையில் மூன்று பாகங்கள் முக்கியம். முன்னால் கத்தி போலச் செங்குத்தாக நிற்கும் இரும்பு மண்ணை நீளவாக்கில் வெட்டும். பின்னால் வரும் கொழு அடியில் அறுக்கும். அதன் பின்னால் சாய்வாக வைத்த பலகை அந்த மண்கட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் போடும். பலகை ஒரே பக்கம், வலப்பக்கம்தான் புரட்டும். அதனால் ஒரு துண்டு நிலத்தின் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி உழுதால் மண் வருடா வருடம் நடுவை நோக்கிக் குவிந்து முகடாகும், இரு ஓரமும் பள்ளமாகும். முகடு, பள்ளம், முகடு, பள்ளம் என்று வயல் முழுக்க அலையலையாக நிற்கும். பள்ளம்தான் வடிகால். ஈர வருடத்தில் பள்ளத்து ஓரப் பயிர் அழுகினாலும் முகட்டுப் பயிர் தப்பும். இங்கிலாந்தின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் இந்த அலைகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இந்தக் கலப்பையை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்டினார்கள். நான்கு ஜோடி நுகத்தைத் திருப்புவது பெரும்பாடு என்பதால் சால் நீளமாக ஓடும். 220 கஜம் நீளமான அந்தச் சால்தான் பர்லாங்கு. அதில் 22 கஜம் அகலம் எடுத்தால் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் எழுதும் ஏக்கரும், பெரியவர்கள் சொல்லும் பர்லாங்கும் இந்த எருதுகளின் நடையிலிருந்து வந்த அளவுகள்.

1315இல் நடந்தது என்னவென்றால், மழையின் அளவு வடிகாலை மீறியது. அடுத்தடுத்து ஒன்றையொன்று இழுத்துவிட்ட சேதம் அது:

தரிசு வயலைக் கோடையில் இரண்டு மூன்று முறை உழுவது ஓய்வு கொடுக்க மட்டும் அல்ல. களையின் வேரை மேலே கொண்டுவந்து வெயிலில் காய வைப்பதுதான் நோக்கம். வெயில் இல்லையென்றால் உழுத முட்புதர் வேர் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த வருடத் தரிசுதான் அடுத்த வருடக் கோதுமை வயல் என்பதால் 1315இன் மழை 1316இன் களையையும் சேர்த்தே விதைத்தது. ஈரக் களியில் எருது இறங்கினால் மண் மிதிபட்டு இறுகும், காய்ந்தால் கட்டி கட்டியாகும், பரம்பு அதை உடைக்காது. விதைப்பு தள்ளிப்போகும். அக்டோபருக்குள் விதைக்காத கோதுமை குளிருக்கு முன் தூர் கட்டாது.

மண்ணில் இருந்த தழைச்சத்து நீரோடு இறங்கிப் போகும். எரு ஏற்கெனவே பற்றாக்குறை. அப்போதைய கோதுமை உயரமான ரகம், மழைக்காற்றில் சாய்ந்தால் எழாது. சாய்ந்த கதிர் தரையில் பட்டு நின்றபடியே முளைவிடும். அரிவாளால் அறுத்துக் கட்டுகளாக நிறுத்தி வைத்துக் காய்ந்தபின் போர் போடுவதுதான் வழக்கம். காயாமல் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். ஈரக் கதிரில் தடியால் அடித்தால் மணி பிரியாது. அக்காலக் குறிப்புகளில் தானியத்தை அடுப்பில் காய வைத்த பிறகுதான் அரைக்க முடிந்தது, அந்த ரொட்டி வயிற்றில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முளைவிட்ட தானியத்தின் மாவு பிசுபிசுக்கும், ரொட்டி எழும்பாது. விதைக்கும் பயன்படாது.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் ரைக் கதிரில் எர்காட் என்ற கறுப்புப் பூசணம் வரும். அதைத் தெரியாமல் அரைத்துத் தின்றால் கைகால் எரிந்து கறுத்து அழுகும். புனித அந்தோனியாரின் நெருப்பு என்று மக்கள் அழைத்தது இதைத்தான். 1095 வாக்கில் தொடங்கிய அந்தோனியார் சபை இந்த நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே மருத்துவமனைகள் நடத்தியது.

ஒரு டிகிரி விஷயத்தில் ஒன்று சொல்லலாம். 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். ஆகவே சமவெளியில் பெரிதாகத் தெரியாத மாற்றம், மேட்டு நிலத்தில் கதிர் முற்றுமா முற்றாதா என்பதையே தீர்மானிக்கும். தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டு நிலமான டார்ட்மூரில் 300 மீட்டருக்கு மேல் இருந்த ஹவுண்ட் டோர் கிராமத்தைத் தோண்டியபோது, கொட்டகைகளுக்குள் தானியம் உலர்த்தும் சூளைகள் கிடைத்தன. வெயிலை நம்பாமல் அறுத்தவர்கள் அவர்கள். அந்த ஊர் பிறகு கைவிடப்பட்டது.

---

கரிசல்மண்:

மிக்க நன்றி, இரண்டுமே தெளிவாக இருந்தன. இரண்டு சின்னக் கேள்வி. தானியம் போனால் ஆடு மாட்டைத் தின்றிருக்கலாமே? பிறகு, தெரிந்தே ஏன் எல்லோரும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் அறுத்தார்கள்? நிலைமைக்கு ஏற்ப முன்னே பின்னே செய்திருக்கலாமே?

---

மேய்ச்சல்:

இரண்டாவது கேள்விக்கு விடையும் கால்நடையில்தான் இருக்கிறது. ஒருவருடைய 15 ஏக்கர் ஒரே இடத்தில் இருக்காது. ஊரின் மூன்று பெரிய வயல்களில் கீற்றுக் கீற்றாகச் சிதறிக் கிடக்கும், நடுவில் வேலி கிடையாது. ஒரு மூலையில் நீர் தேங்கினால் இன்னொரு மூலைக் கீற்று காப்பாற்றும், அது நல்லதுதான். ஆனால் அறுவடை முடிந்த தாளிலும் தரிசிலும் ஊர் மாடுகள் எல்லாம் பொதுவாக மேயும். மாடு இறங்கும் நாளைக் கிராமச்சபை முடிவு செய்யும். அந்த நாளில் உங்கள் கீற்றில் மட்டும் பயிர் நின்றால் மாட்டின் வாய்க்குத்தான் போகும். தனியாகத் தள்ளிப்போட முடியாது.

அந்த மேய்ச்சல் இல்லாமலும் முடியாது, ஏனென்றால் எரு. ஆட்டுக்கிடை போடுவது நமக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் இரவில் தரிசில் பட்டி கட்டி ஆட்டை அடைப்பார்கள். பல ஊர்களில் அந்தக் கிடையைத் தன் நிலத்தில்தான் போட வேண்டும் என்று பிரபு உரிமை வைத்திருந்தார். குடியானவரின் ஆட்டு எருகூடப் பண்ணை நிலத்துக்குப் போனது. இது எனக்கு எப்போது படித்தாலும் மனதை உறுத்தும் விஷயம்.

முதல் கேள்வி. மாட்டின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது புல் அல்ல, உலர்புல். குளிர்காலத்தில் சுமார் ஐந்து மாதம் வெளியே மேய்ச்சல் கிடையாது. ஜூன் கடைசி, ஜூலையில் வெட்டிக் காய வைத்த புல்தான் அந்த மாதங்களுக்குத் தீனி. அதனால்தான் ஒரு ஏக்கர் புல்வெளி, ஒரு ஏக்கர் உழவு நிலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு மதிப்பு பெற்றது. 1315இல் அந்த ஜூலையே மழையில் போனது. ஈரப்புல்லைக் கொட்டகையில் அடுக்கினால் அழுகும், சில நேரம் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

சரி, தீனி இல்லாததை வெட்டி உப்புக்கண்டம் போடலாம் என்றால் உப்பு இல்லை. வடகடல் ஓரங்களில் உப்பு நீரைக் காய்ச்சியே உப்பு எடுத்தார்கள், எரித்தது வெட்டிக் காய வைத்த சதுப்பு மண்ணும் (பீட்) விறகும். இரண்டும் நனைந்தன. வெயிலில் உப்பு விளைவித்த பிரெஞ்சுக் கரையிலும் வெயில் இல்லை. தானியத்தோடு உப்பு விலையும் சேர்ந்தே ஏறியது இதனால்தான்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று மாட்டை எல்லாம் வெட்டித் தள்ளுவார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெருமளவில் வெட்டியது பன்றியைத்தான். இலையுதிர் காலத்தில் காட்டில் ஓக் கொட்டை தின்று கொழுத்திருக்கும், குளிர்காலத்தில் அதற்குப் போட ஒன்றும் இருக்காது. எருதை வெட்டினால் அடுத்த மார்ச்சில் யார் உழுவது?

ஆடுகளுக்கு வேறு கேடு. சதுப்பான மேய்ச்சலில் நத்தை பெருகும், நத்தை வழியாக ஈரல் புழு ஆட்டுக்குள் போகும். ஈர வருடங்களில் மந்தை மந்தையாக மடிந்தது. பிறகு 1319இல் இங்கிலாந்துக்கு கோமாரியைவிடக் கொடிய மாட்டு நோய் ஒன்று வந்தது, பெரும்பாலும் வெக்கை நோய். ஓரிரு வருடத்தில் பாதிக்கும் மேல் மாடுகள் போய்விட்டன. பஞ்சம் தணிந்த வேளையில் எட்டு எருது பூட்டிய ஏரில் மூன்றோ நான்கோதான் மிச்சம். பால், வெண்ணெய், எரு எல்லாம் கூடவே போயின.

---

தென்கரை:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பருவநிலை காரணம்தான், ஆனால் அதை மட்டும் சொன்னால் தவறு.

முதலில், 1300ஐ ஒட்டிக் குளிர் கூடுவதற்கு முன்பும் பஞ்சம் இருந்தது. 1257இல் இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் சமலாஸ் எரிமலை வெடித்தது. அதன் மூட்டம் வெயிலைக் குறைக்க, மறுவருடம் இங்கிலாந்தில் பயிர் பொய்த்து லண்டனில் மக்கள் மடிந்தார்கள். ஆண்டுச் சராசரி எதுவானாலும் ஒரே ஒரு கெட்ட கோடை போதும்.

இரண்டாவது, திராட்சைக் கதை. 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பு ஏட்டில் இங்கிலாந்தில் நாற்பதுக்கு மேற்பட்ட திராட்சைத் தோட்டங்கள் பதிவாகியுள்ளன, பிறகு அவை மங்கின, குளிர்தான் காரணம் என்பார்கள். ஆனால் 1152இல் அக்விட்டேனின் எலினோரை மணந்த ஹென்றி 1154இல் இங்கிலாந்து மன்னர் ஆனார். எலினோரின் அக்விட்டேனில் இருந்த போர்தோ பக்கத்து ஒயின் கப்பல் கப்பலாக வந்தது. சொந்தமாகப் புளிப்பு ஒயின் செய்ய யாருக்குத் தேவை?

மூன்றாவது, ஆல்ப்ஸுக்குத் தெற்கே 1315 பஞ்சம் இல்லை. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. வசந்த விதைப்பு செய்ய முடியாது, ஆகவே மூன்று வயல் முறையே பொருந்தாது, ஒரு வருடம் பயிர், ஒரு வருடம் தரிசு. அவர்களுடைய ஆபத்து வேறு, காலம் வேறு. ஃபிளாரன்ஸில் 1346-47இல் கடும் பஞ்சம்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு வானிலை நல்லதாகிவிடவில்லை. கிரீன்லாந்தில் நோர்ஸ் மக்களின் மேற்குக் குடியேற்றம் அந்த நூற்றாண்டின் நடுவில்தான் காலியானது. 1362இல் வடகடல் வெள்ளம் ரங்ஹோல்ட் என்ற துறைமுக ஊரையே விழுங்கியது. ஆனால் அதே 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில உழைப்பாளிகள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள். நோர்ஃபோக்கின் செட்ஜ்ஃபோர்ட் பண்ணையில் அறுவடைக்காரர்களுக்கு என்ன போட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி பார்லி ரொட்டி. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோதுமை ரொட்டி, நிறைய இறைச்சி, ஏல் என்ற பார்லி மது. வாய்கள் குறைந்தன, கூலி ஏறியது, மோசமான மேட்டு நிலத்தை உழ வேண்டிய கட்டாயம் நீங்கியது. 1315இல் மழை கொன்றது, அதுவரை 15 ஏக்கரை ஐந்து ஏக்கராகப் பிரித்துக்கொண்டே வந்த வீடுகளை.

விலை பற்றியும் ஒன்று. பஞ்சத்துக்கு முன் ஒரு குவார்ட்டர் (8 புஷல்) கோதுமை 5-6 ஷில்லிங் விற்றது. பஞ்சத்தில் 20ஐத் தாண்டியது, சில இடங்களில் 40 என்றும் குறிப்புகள் உண்டு. 1315 தொடக்கத்தில் அரசு கால்நடைக்கும் கோழிக்கும் உச்ச விலை வைத்தது. சந்தைக்குச் சரக்கு வருவதே நின்றது, 1316இல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 1315 ஆகஸ்டில் செயின்ட் ஆல்பன்ஸில் தங்கிய மன்னர் இரண்டாம் எட்வர்டின் பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது அரிதாக இருந்தது.

---

சுருள்வாசகன்:

நல்ல விவாதம். பண்ணைக்கணக்கு சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும், ஏனென்றால் இந்தத் தவறு அச்சிலும் அடிக்கடி வருகிறது.

வின்செஸ்டர் சுருளில் களஞ்சியத்துக்கு வந்த தானியம்தான் பதிவாகிறது. தசமபாகக் கட்டு வயலிலேயே பத்துக்கு ஒன்று எண்ணி எடுக்கப்பட்டுவிடும். ஆக அந்த ‘நான்குக்குச் சற்றுக் குறைவு’ என்பது தசமபாகம் போனபின் உள்ள எண். அதிலிருந்து இன்னொரு முறை பத்தில் ஒன்றைக் கழிக்கக் கூடாது. திருத்திப் போட்டால்: சாதாரண வருடத்தில் கைக்கு 50 புஷல், விதை போக 37½. 1315இல் 64 சதவீதம் என்றால் 32, விதை போக 19½. 1316இல் 55 சதவீதம் என்றால் 27½, விதை போக 15. வாதம் மாறவில்லை. விளைச்சல் 45 சதவீதம் விழுந்தபோது சாப்பாட்டுக்கான பங்கு 60 சதவீதம் விழுந்திருக்கிறது.

கூடவே, இது பிரபுவின் சொந்தப் பண்ணை நிலத்தின் கணக்கு. கிடை எரு போனது அங்கேதான் என்று மேய்ச்சல் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

சுருளை நேரடியாகப் படிக்க நினைப்பவர்களுக்கு: கணக்கு வருடம் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளில் தொடங்கி முடியும். ஒரு சுருளில் உள்ள விதை அளவையும் அதே சுருளில் உள்ள விளைச்சலையும் வகுத்தால் தப்பான எண் வரும், ஏனெனில் அந்த விளைச்சல் முந்தைய சுருளின் விதையிலிருந்து வந்தது. இரண்டு அடுத்தடுத்த சுருள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மடங்கு போட வேண்டும். நடுவில் ஒரு சுருள் தொலைந்திருந்தால் அந்த வருடத்துக்கு மடங்கு எழுதாமல் விட்டுவிடுங்கள்.